குதிரை முதல் ஹாம்ஸ்டர் வரை: ஆன்டிபாடி மருந்தின் சென்னைக் கிளைக்கதை

திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். தீராத நோய் தீர வேண்டி அமாவாசைதோறும் கூட்டம் வரும். திருக்குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சிறுதொழிற்கூடங்களுக்கு நடுவே ஆவின் பால் பண்ணை இயங்குகிறது. உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கலன்களும், மூடிய குழாய்களும், பாலைச் சூடேற்றிக் குளிர்விக்கும் இயந்திரங்களும் உள்ளன. ஒவ்வொரு சுற்று வேலை முடிந்ததும் காஸ்டிக் சோடாவும் அமிலமும் சுடுநீரும் குழாய்க்குள் ஓடி, எதையும் கழற்றாமலே அவற்றைக் கழுவி முடிக்கின்றன.

இதே வகைக் கலன்களும் இதே வகைக் கழுவும் முறையும், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் ஆன்டிபாடி மருந்து ஆலைகளிலும் உண்டு. அங்கே கலனுக்குள் இருப்பது பால் அல்ல, கோடானுகோடி உயிருள்ள செல்கள். கிருமியையோ நஞ்சையோ அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி. பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன. அதை ரசாயனக் கூடத்தில் மூலப்பொருள்களைக் கலந்து செய்துவிட முடியாது. ஏதேனும் ஓர் உயிர்தான் அதை நெய்து தர வேண்டும். எந்த உயிர் நெய்கிறதோ அதன் கைவாகு மருந்திலும் இருக்கும். மருந்தின் அளவு, விலை, வேகம், பக்கவிளைவு எல்லாவற்றையும் அந்தக் கைவாகு பாதிக்கும்.

கடந்த 130 ஆண்டுகளில் அந்த வேலையைச் செய்த உயிர் பலமுறை மாறியிருக்கிறது. முதலில் குதிரை, பிறகு சுண்டெலி, இன்று சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறித்துண்ணியின் சினைப்பைச் செல். இந்த வரலாறு பெர்லின், கேம்பிரிட்ஜ், நியூயார்க் என்று சொல்லப்படுவதே வழக்கம். ஆனால் அதன் முக்கியமான திருப்பங்களில் சென்னையின் பங்கு இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் அறியாத பங்கு அது.

குதிரையின் காலம்

1890ல் பெர்லினில் எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானியரான ஷிபாசபுரோ கிடசாடோவும் ஓர் உண்மையைக் கண்டார்கள். டெட்டனஸ் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பழக்கிய விலங்கின் சீரத்தை எடுத்து இன்னொரு விலங்குக்குக் கொடுத்தால், அதற்கும் பாதுகாப்பு கிடைத்தது. பெரிங்குக்கு 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட், அதே வழியில் 1890களின் நடுவில் பாம்பு நஞ்சுக்கு மருந்து கண்டார். இந்த வேலைக்குக் குதிரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. அதற்குப் பெரிய உடம்பு; நிறைய இரத்தம் எடுத்தாலும் தாங்கும்; கையாளப் பழகும்; நஞ்சுக்கு எதிராக வலுவான ஆன்டிபாடியும் சுரக்கும்.

அந்த மருந்துக்கான நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கதை திருவள்ளூர் வயல்வரப்புக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததைத் தொடர்ந்து அந்தத் தொழில் நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலியில் வேரூன்றியது. அன்றைய செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்து வயல்களிலிருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகைகளையும் பிடித்து வருவார்கள். சில வாரம் பானைகளில் வைத்திருந்து நான்கு முறை நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கு மிகப் பெரும் பங்கு நஞ்சு இந்தச் சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த நஞ்சு குதிரைக்குச் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டிக்கூட்டிச் செலுத்தப்படும். பிறகு இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, பெப்சின் நொதியால் ஆன்டிபாடியின் வால்பகுதியை வெட்டிச் சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள். 1899ல் தொடங்கிய கிண்டி கிங் நிலையமும் ஒரு காலத்தில் இதைச் செய்தது. இந்திய மருந்தின் 1 மில்லி, நல்ல பாம்பு அல்லது கண்ணாடிவிரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், மற்ற இரண்டின் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது விதி. கடிபட்டு வருபவருக்கு முதலிலேயே எட்டுப் பத்துக் குப்பிகள் ஏற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த எத்தனையோ கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் அதே பிளாஸ்மாவில் கலந்திருக்கும். அவற்றுள் பாம்பு நஞ்சைப் பிடிப்பவை ஒரு சிறு பங்குதான். மீதமெல்லாம் கடிபட்டவருக்கு வேண்டாத சுமை. குதிரைக்குக் குதிரை சுரப்பும் வேறுபடும். அதோடு மனித உடல் குதிரைப் புரதத்தை அயலானாகவே பார்க்கிறது. சீரம் ஏற்றிய சில நாள்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று வரும் சீரநோயை 1905லேயே வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும் விரிவாக எழுதினார்கள். ஆன்டிபாடி நல்லதாக இருந்தாலும், அதைச் செய்து கொடுத்த விலங்கு ஒரு பிரச்சினையாக இருந்தது.

குன்னூரில் குரங்கின் சிறுநீரகம்

தமிழ்நாட்டு மருந்துத் தயாரிப்பில், விலங்கை விட்டுவிட்டு அதன் செல்லை மட்டும் வளர்க்கும் காலம் குன்னூரில் தொடங்கியது எனலாம். 1902ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அதன்பின் எழுந்த முயற்சியில் 1907 ஏப்ரல் 6 அன்று அங்கே பாஸ்டர் நிலையம் பிறந்தது. அது பல்லாண்டுகள் தயாரித்தது டேவிட் செம்பிள் 1911ல் கசௌலியில் வகுத்த முறையிலான தடுப்பூசி. ஆட்டின் மூளையில் வெறிநோய் வைரஸை வளர்த்து, ஃபீனாலால் செயலிழக்கச் செய்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடுவது அந்த முறை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் நடுங்கியது இதைச் சொல்லித்தான். ஊசியின் வலியைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருந்தது. ஆட்டு மூளையின் நரம்புறைப் பொருள் சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் வாதத்தையும் கொண்டுவந்தது. 2004 இறுதியில் இந்தியா அந்தத் தடுப்பூசியை முற்றிலும் கைவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது வீரோ செல். 1962ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுராவும் கவகிதாவும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். உடலிலிருந்து எடுத்த சாதாரணச் செல் சில தலைமுறைகள் பிரிந்தபின் ஓய்ந்துவிடும். வீரோ ஓயவில்லை, பிரிந்துகொண்டே இருந்தது. இப்படி ஓய்வின்றிப் பெருகி, தலைமுறைக்குத் தலைமுறை தன் குணத்தைத் தக்கவைக்கும் செல் குலத்துக்குத்தான் செல் லைன் என்று பெயர். வீரோ செல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. வைரஸ் நுழைந்தால் அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரானை அதனால் செய்ய முடியாது. அதற்கான மரபணுக்களை அது இழந்துவிட்டது. அதனால் வைரஸ் அதில் தடையின்றிப் பெருகும். தடுப்பூசிக்காரருக்கு இது வரம். குன்னூரும் வீரோ செல்லில் வெறிநோய்த் தடுப்பூசி தயாரித்தது. ஆட்டு மூளையோடு வந்த வாதம் அதோடு ஒழிந்தது.

ஆன்டிபாடி செய்ய நினைப்பவருக்கோ இதற்கு நேர்மாறான குணமுள்ள செல் வேண்டும். வைரஸ் எளிதில் நுழையாத செல், புரதத்தை ஓயாமல் சுரந்து வெளியே தள்ளும் செல், மனித உடல் அயலென்று விரட்டாதபடி புரதத்தை முடித்துத் தரும் செல்.

சுண்டெலியோடு ஒரு கூட்டு

1975ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி சுரக்கும் சுண்டெலிச் செல் ஒன்றையும், ஓயாமல் பெருகும் எலிப் புற்றுச் செல் ஒன்றையும் இணைத்து ஒரே செல்லாக்கினார்கள். பிறந்த கலப்புச் செல்லுக்கு இரு பெற்றோரின் குணமும் இருந்தது. அது ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் சுரந்தது, சாகாமலும் பெருகியது. குதிரைப் பிளாஸ்மாவின் கலவைக்கு மாறாக, இலக்கை மட்டும் பிடிக்கும் தூய ஆன்டிபாடி கைக்கு வந்தது. இருவருக்கும் 1984ல், நீல்ஸ் ஜெர்னெவோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறையில் வந்த முதல் மருந்து, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக 1986ல் அனுமதி பெற்ற ஓகேடி3. ஆனால் குதிரைச் சீரத்தில் கண்ட அதே தொல்லை இங்கும் வந்தது. எலி ஆன்டிபாடியை மனித உடல் அயலென்று கண்டு, அதற்கு எதிராகவே ஆன்டிபாடி செய்தது. எனவே ஆன்டிபாடியின் மரபணுவை மனித வடிவத்துக்கு மாற்றி எழுதத் தொடங்கினார்கள். அப்படி எழுதிய மரபணுவை எந்தச் செல்லுக்குள் வைத்து நெய்யச் சொல்வது என்ற கேள்விக்கு விடை ஹாம்ஸ்டரிடம் இருந்தது.

கருங்காய்ச்சல் கொடுத்த எலி

அந்த ஹாம்ஸ்டர் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதை சென்னையில் தொடங்குகிறது. 1903ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நெடுநாள் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கிய நோயாளிகளை ஆராய்ந்துவந்தார். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரரான அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் இருந்தார். மண்ணீரலில் ஊசி நுழைத்து எடுத்த துளியில், புதியதொரு நுண்ணுயிரை அவர் கண்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் கண்டிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து அந்த உயிருக்கு லீஷ்மானியா டோனவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் கிருமி அது.

அதே நோய் சீனாவிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்களுக்குக் கிருமியை வளர்க்க ஒரு விலங்கு வேண்டும். வயல்வெளியில் திரிந்த சீன ஹாம்ஸ்டரை 1919லேயே பீக்கிங்கில் நிமோனியாக் கிருமிகளை வகைப்படுத்தப் பயன்படுத்தியிருந்தார்கள். டோனவனின் கிருமி அதில் நன்றாக வளர்கிறது என்று 1924ல் தெரிந்ததும், அந்தச் சிறு எலி ஆய்வுக்கூடத்தில் நிரந்தர இடம் பெற்றது. சென்னை நோயாளிகளிடம் கண்ட கிருமி ஒரு வகையில் ஹாம்ஸ்டருக்கு அறிவியலில் வேலை வாங்கிக் கொடுத்தது.

1948 இறுதியில் சீன உள்நாட்டுப் போர் முற்றியிருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் ராபர்ட் வாட்சன், பத்து ஆண், பத்துப் பெண் ஹாம்ஸ்டர்களைப் பெட்டியில் அடைத்து ஷாங்காயிலிருந்து கிளம்பிய கடைசி விமானங்களுள் ஒன்றில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். நியூயார்க் மாநிலத்தில் கொறித்துண்ணிகளை வளர்த்துவந்த விக்டர் ஷ்வென்ட்கரிடம் அவை போய்ச் சேர்ந்தன. சீனாவுக்கு வெளியே கூண்டில் இவற்றை இனப்பெருக்கம் செய்ய வைத்தவர்களுள் அவர் முன்னோடி. 1957ல் டென்வரில் தியடோர் பக், அப்படி வந்த வம்சத்துப் பெண் ஹாம்ஸ்டர் ஒன்றின் சினைப்பையிலிருந்து செல்லெடுத்து வளர்த்தார். ஹாம்ஸ்டர் செல்லில் 22 குரோமோசோம்கள்தான். மனிதனுக்கு உள்ள 46ஐவிட மிகக் குறைவு. மரபியல் ஆய்வுக்கு இது வசதி. இப்படிப் பிறந்த செல்லுக்கு, சீன ஹாம்ஸ்டர் சினைப்பை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் சிஎச்ஓ என்று பெயர். அதற்கு மருந்தாலையில் வேலை இருக்கும் என்ற நினைப்பு அப்போது யாருக்கும் இல்லை.

சென்னை மாணவரின் மருந்து

ஹாம்ஸ்டர் செல்லை மருந்தாலைக்கு ஏற்றதாக்கிய தந்திரத்திலும் சென்னை இருக்கிறது. 1895ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்திக் கல்லூரிக்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தின் தலைவரானார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்த அவரது குழு, அதைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். 1948 ஆகஸ்ட்டில் சுப்பாராவ் இறந்தார். அதே ஆண்டின் இறுதியில்தான் ஹாம்ஸ்டர்கள் சீனாவை விட்டுப் புறப்பட்டன.

மெத்தோட்ரெக்ஸேட், டிஎச்எஃப்ஆர் என்ற நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி இல்லாவிட்டால் செல்லால் வெளியுதவியின்றிப் புது டிஎன்ஏ செய்ய முடியாது. 1970களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கே, மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அஞ்சாத செல்களில் அந்த நொதியின் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார். மருந்தின் நெருக்கடி மரபணுவைப் பெருக்குகிறது என்பது தெளிவானது. 1980ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெயில் உர்லாபும் லாரன்ஸ் சேசினும் அந்த நொதி செயல்படாத சிஎச்ஓ செல்லை உருவாக்கினார்கள்.

இரண்டும் சேர்ந்தபோது ஒரு தொழிலே பிறந்தது. நொதியில்லாத சிஎச்ஓ செல்லுக்குள், மருந்துப் புரதத்தின் மரபணுவையும் டிஎச்எஃப்ஆர் மரபணுவையும் ஒன்றாகச் செருகுவார்கள். பிறகு மெத்தோட்ரெக்ஸேட்டைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பிழைக்க வேண்டுமானால் செல் டிஎச்எஃப்ஆர் மரபணுவைப் பல படிகளாக்க வேண்டும்; பக்கத்தில் ஒட்டியிருக்கும் மருந்து மரபணுவும் கூடவே பல படிகளாகும். சிஎச்ஓவில் செய்த முதல் மருந்து 1987ல் அமெரிக்க அனுமதி பெற்றது. மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ. நிணநீர்ப் புற்றுக்கான ரிடுக்சிமாப் 1997ல் வந்தது. இன்று சந்தையில் உள்ள ஆன்டிபாடிகளில் பெரும்பான்மை சிஎச்ஓ குலத்தின் கைவேலை.

செல்லின் குணமும் மருந்தின் குணமும்

ஒரே மரபணுவை ஆயிரம் செல்களுக்குள் செருகினாலும் ஆயிரமும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. மரபணு குரோமோசோமில் எங்கே போய் அமர்கிறது என்பதைப் பொறுத்துச் சில செல்கள் வாரிச் சுரக்கும், சில கஞ்சத்தனம் செய்யும். அதனால்தான் ஒவ்வொரு செல்லாகப் பிரித்து, தனித்தனியே வளர்த்து, நூற்றுக்கணக்கானவற்றில் சிறந்ததைத் தேடுகிறார்கள். நன்றாகச் சுரக்கும் ஒரு செல் நாளொன்றுக்கு 20 முதல் 50 பிகோகிராம் ஆன்டிபாடி தரும். ஒரு கிராமில் லட்சம் கோடி பிகோகிராம் என்பதால், எண்ணிக்கையே இங்கே பலம்.

அளவின் வரலாற்றை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 1980களின் நடுவில் ஒரு லிட்டர் செல் கரைசலில் கிடைத்த புரதம் சுமார் 50 மில்லிகிராம். 2000களின் நடுவில் அது 4 கிராமைத் தாண்டியது. இன்று 5 கிராமுக்கு மேல் என்பது வியப்பில்லை. ரிடுக்சிமாப் ஒரு முறை ஏற்றச் சராசரி உடம்புக்குச் சுமார் 600 மில்லிகிராம் தேவை. பழைய செல்லானால், சுத்திகரிப்பில் இழப்பே இல்லை என்று கொண்டாலும், அதற்கு 12 லிட்டர் கரைசல் வேண்டும். இன்றைய செல்லுக்கு 120 மில்லி போதும். நல்ல உணவுக் கலவையும் இதற்கு உதவியது; தேர்ந்தெடுத்த செல்லும் உதவியது.

எவ்வளவு சுரக்கிறது என்பதோடு முடிவதில்லை. தட்டில் ஒட்டி வளரும் செல்லைப் பெரிய கலனில் வளர்ப்பது கடினம். அது கரைசலில் மிதந்து வளரப் பழக வேண்டும். சிஎச்ஓ பழகியது. வழக்கமாகச் செல்லுக்கு ஊட்டும் கன்றின் சீரம் இன்றியும் அது வாழ வேண்டும். பிரிட்டனின் பைத்திய மாட்டு நோய்க்குப் பின் சீரத்தைப் பார்த்தாலே மருந்துத் துறை அஞ்சியது. சிஎச்ஓ சீரமில்லாமலும் வளர்ந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியபின், பெருக்கிய மரபணுப் படிகளைச் செல் மெல்ல உதிர்த்துவிடலாம்; அப்படி உதிர்க்கும் குலத்தை நம்பி ஆலை நடத்த முடியாது. அதனால் பல பத்துத் தலைமுறைகள் வளர்த்து, சுரப்பு குறையாததைத்தான் வைத்துக்கொள்வார்கள். தேறிய குலத்தைக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் 196 பாகை செல்சியஸில் திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். விதைநெல்லைப் போல அதுவே முதல். ஒரு குப்பியை உருக்கி, குடுவையிலிருந்து சிறு கலன், அதிலிருந்து பெரிய கலன் என்று வாரக்கணக்கில் பெருக்கினால் பத்தாயிரம் லிட்டர் கலன் நிரம்பும்.

மிக நுட்பமான குணம் சர்க்கரையில் இருக்கிறது. ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியில் ஒரு சர்க்கரைக் கிளையைச் செல்தான் பொருத்துகிறது. சுண்டெலியின் மயலோமா புற்றுச் செல்லான எஸ்பி2/0, மனிதர்களிடம் இல்லாத ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரையையும் ஒட்டிவிடும். பெருங்குடல் புற்றுக்கான செடுக்சிமாப் இந்தச் செல்லில்தான் தயாரானது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் சில நோயாளிகளுக்கு முதல் முறை ஏற்றியதுமே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தது. அவர்கள் உடலில் அந்தச் சர்க்கரைக்கு எதிராக, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ வகை ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்ததை 2008ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. உண்ணிக் கடியால் அந்த ஐஜிஇ உருவானது என்பது பிறகு தெரிந்தது. செடுக்சிமாபை சிஎச்ஓவில் செய்து பார்த்தபோது அந்த ஐஜிஇ அதைப் பற்றவில்லை. மரபணுவில் ஓரெழுத்தும் மாறவில்லை. நெய்த செல் மாறியது, ஆபத்து மாறியது.

சர்க்கரையால் நன்மையும் உண்டு. அந்தக் கிளையில் ஃபியூகோஸ் என்ற ஒரு கண்ணி இல்லாவிட்டால், ஆன்டிபாடி நம் கொல்லிச் செல்களை இன்னும் வலுவாக அழைக்கிறது. ஃபியூகோஸ் குறைவாக ஒட்டும் ஓர் எலிச் செல்லைக் கவனித்து ஜப்பானியர் இதை அறிந்தார்கள். பிறகு ஃபியூகோஸை ஒட்டும் மரபணுவை நீக்கிய சிஎச்ஓவை உருவாக்கினார்கள். அதில் செய்த மோகாமுலிசுமாப் 2012ல் ஜப்பானில் அனுமதி பெற்றது.

வைரஸ் விஷயத்தில் சிஎச்ஓ வீரோவுக்கு எதிர்த்துருவம். மனிதனைத் தாக்கும் பல வைரஸ்கள் அதில் எளிதில் வளர்வதில்லை. 2011ல் சிஎச்ஓவின் ஒரு கிளையான சிஎச்ஓ-கே1இன் மரபணுத் தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டபோது, வைரஸ் நுழையத் தேவையான மரபணுக்களில் பல அதில் இயங்காமல் இருப்பது தெரிந்தது. ஆனாலும் அது கோட்டை அல்ல. 2009ல் பாஸ்டனில் ஜென்சைம் நிறுவனத்தின் ஆல்ஸ்டன் ஆலையில் சிஎச்ஓ கலன்களில் வெசிவைரஸ் புகுந்தது. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது, அரிய நோய் கொண்டவர்கள் நம்பியிருந்த நொதி மருந்துகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் ஆன்டிபாடித் தொழில் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் வேர்விட்டது. கியூபாவின் ஆராய்ச்சியில் பிறந்த நிமோட்டுசுமாபை பயோகான் 2006ல் அறிமுகம் செய்தது. டாக்டர் ரெட்டீஸ் 2007ல் ரிடுக்சிமாபின் மாற்றான ரெடிடக்ஸைக் கொண்டுவந்தது. மாத்திரை மருந்தின் காப்புரிமை முடிந்தால் அதே மூலக்கூறை யாரும் அப்படியே செய்யலாம். ஆன்டிபாடியில் அது நடக்காது. மூல நிறுவனம் தன் செல் குலத்தைப் பூட்டி வைத்திருக்கும். மாற்று மருந்து செய்பவர் தம் செல் குலத்தைப் புதிதாக உருவாக்கி, அதன் சுரப்பும் சர்க்கரையும் மூல மருந்தோடு ஒத்துவருவதை ஆதாரங்களோடு நிறுவ வேண்டும். இதற்கான இந்திய வழிகாட்டு நெறி 2012ல் வந்து 2016ல் திருத்தப்பட்டது.

குதிரையிடமிருந்து செல்லுக்கு மாறும் பயணத்தை வெறிநோயில் இந்தியா ஏற்கெனவே நடத்திக் காட்டிவிட்டது. கடுமையான நாய்க்கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் குதிரைச் சீரத்துக்கு மாற்றாக, புனே சீரம் நிறுவனம் சிஎச்ஓ செல்லில் செய்த ஒற்றை ஆன்டிபாடியைக் கொண்டுவந்திருக்கிறது. பாம்புக்கடியிலும் வாசல் திறந்துள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும், பாம்பு நஞ்சின் முக்கிய நரம்பு நச்சு வகை ஒன்றை முறிக்கும் மனித ஆன்டிபாடியை 2024ல் வெளியிட்டன. எலிகளில் அது உயிர் காத்தது. இருளர் எடுத்துத் தரும் நஞ்சுக்கு, குதிரையே இல்லாத முறிவு மருந்து ஒருநாள் வர இதுவே வழி.

தமிழ்நாட்டில் அறிவுக்கும் அனுபவத்துக்கும் குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்ப மையம் 1987லேயே தொடங்கியது. தரமணியில் டைசல் உயிர்த்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஆனால் பொதுத்துறை மருந்துக்கூடங்களை நாம் நடத்திய விதம் பெருமைப்படத்தக்கதல்ல. 2008 ஜனவரியில் உற்பத்தித் தரம் போதவில்லை என்று குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் கிண்டி பிசிஜி ஆய்வகத்துக்கும் உரிமம் நிறுத்தப்பட்டது. 2010ல் அது திரும்பக் கிடைத்தாலும், இடையில் கலைந்த கைப்பழக்கத்தைத் திரட்டுவது எளிதாக இல்லை.

ஆன்டிபாடி ஆலை என்றதும் நிலமும் எஃகும் முதலீடும் பேசப்படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எஃகுத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காக்களூர் பால் பண்ணையில் கலனைக் கழற்றாமல் கழுவவும், குழாய் இணைப்பில் கிருமி தங்காமல் காக்கவும் அறிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மருந்தாலையின் இந்த முறைகளும், அதன் கிளாம்ப் இணைப்புகளும் பால் தொழிலிலிருந்தே அங்கே போனவை. எனவே கலன் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இங்கே இல்லாதது கலனுக்குள் போட வேண்டிய செல் குலம்.

தமிழக அரசு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கிண்டியிலோ தரமணியிலோ பொதுப்பணத்தில் ஒரு செல் லைன் ஆய்வகம் அமைய வேண்டும். செல்லைப் பிரித்துத் தேர்ந்து, நிலைப்புத்தன்மை சோதித்து, குப்பியில் உறையவைத்து, சிறு நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நியாயக் கட்டணத்தில் தரும் வங்கியாக அது இருக்க வேண்டும். அதன் முதல் வேலை, நம் வயல்களில் ஆண்டுதோறும் உயிர் பறிக்கும் நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு ஆன்டிபாடி தேடுவதாக இருக்கட்டும்; நஞ்சு தரும் இருளர் சங்கத்துக்கு அதன் பயனில் பங்கும் இருக்கட்டும். திருவள்ளூர் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகள், பால் பண்ணையில் கற்கும் திறனோடு செல் வளர்ப்பையும் சேர்த்துப் பாடமாக்கட்டும். டோனவன் நுண்ணோக்கி பிடித்த மருத்துவமனையிலும் சுப்பாராவ் படித்த கல்லூரியிலும் இந்த வரலாற்றை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதற்கு நல்ல தொடக்கம்.